ஒற்றைப் பட்டன் பெட்டியும் கமலநாதனின் வீட்டுக்காரியும்

கிள்ளான் கமலநாதன் ஒரு திங்கட்கிழமை காலையில் சபதம் எடுத்தார். இனி இந்த நாட்டில் எந்தக் கம்பெனிக்காரனும் மீட்டிங் தொடங்கும்போது, "ஹலோ, ஹலோ, கேக்குதா? என் மூஞ்சி தெரியுதா?" என்று அலறக் கூடாது. அந்தக் கொடுமையை ஒழிக்கத்தான் ஆண்டவன் தன்னைப் படைத்திருக்கிறான் என்று குளியலறைக் கண்ணாடியைப் பார்த்து உரக்கச் சொன்னார்.

கதவுக்கு வெளியிலிருந்து அவர் மனைவி லோகேஸ்வரியின் குரல் வந்தது.

"யார்கிட்டங்க பேசுறீங்க?"

"யார்கிட்டயும் இல்ல. சபதம் எடுக்குறேன்."

"குழாய மூடிட்டு எடுங்க. தண்ணி வீணாப் போவுது."

குழாயை மூடினார். சபதத்தின் வேகமும் கொஞ்சம் குறைந்தது.

கமலநாதன் வேலை பார்த்தது பிரிக்ஃபீல்ட்ஸில், பூக்கடைக்கு மேல்மாடியில் இருந்த ஒரு சின்னக் கம்பெனியில். முதலாளி ராதாகிருஷ்ணன். வியாபாரிகளுக்கு மீட்டிங் பெட்டி விற்பது தொழில். பெட்டி ஒரு பிஸ்கட் டின் அளவுதான் இருக்கும். கேமரா, மைக், ஸ்பீக்கர் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். தலையில் ஒரே ஒரு பச்சைப் பட்டன். அழுத்தினால் கம்பெனியின் மீட்டிங் அறை திறந்துகொள்ளும். அடுத்த ஊர்க் கிளையில் இருப்பவர் தன் பெட்டியை அழுத்தினால் அவரும் உள்ளே வந்துவிடுவார். வெறும் கைப்பேசி வைத்திருப்பவர் ஒரு நம்பருக்கு அடித்தால் போதும், குரலும் முகமும் வந்து சேரும். லிங்க் கிடையாது. பாஸ்வர்ட் கிடையாது. "தயவுசெய்து காத்திருக்கவும்" கிடையாது.

நல்ல பெட்டிதான். விற்கத்தான் மாட்டேன் என்றது. கமலநாதன் எவ்வளவு விளக்கினாலும் கேட்பவர்கள் தலையை ஆட்டிவிட்டு, "பாப்போம்லா" என்பார்கள். அந்தப் "பாப்போம்லா"வுக்குப் பிறகு யாரும் எதையும் பார்த்ததாகச் சரித்திரம் இல்லை.

அதனால், பெட்டி எவ்வளவு சுலபம் என்று காட்ட ஒரு வசனம் கண்டுபிடித்தார். விளக்கமெல்லாம் முடிந்ததும் லேசாக ஓர் இருமல் இருமுவார். குரலைத் தாழ்த்துவார். "பாஸ், ஒண்ணே ஒண்ணு சொல்றேன். இது எவ்ளோ செனாங் தெரியுமா? என் வீட்டுக்காரிகூட அழுத்துவா."

சபை சிரிக்கும். ஒவ்வொரு முறையும் சிரிக்கும். சிரிப்பு வளர வளர வசனமும் வளர்ந்தது. "ரிமோட்டத் தலைகீழாப் பிடிக்கிறவ பாஸ்." "போன் அடிச்சா யாரோ கதவத் தட்டுறாங்கன்னு ஓடுறவ பாஸ்." உண்மையில் லோகேஸ்வரி வீட்டிலிருந்தே முறுக்கும் அதிரசமும் செய்து பாதிக் கிள்ளானுக்குப் பலகாரம் அனுப்புகிறவள். ரிமோட்டைத் தலைகீழாகப் பிடித்தவர் கமலநாதன்தான். விற்பனை என்று வந்துவிட்டால் இதையெல்லாம் பார்த்தால் முடியுமா?

இங்கே ஒரு சின்ன விஷயம். ஆபிசில் ஒரு பெட்டி இருந்ததுபோல, வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களுக்காகக் கமலநாதன் வீட்டிலும் ஒரு பெட்டி இருந்தது. வைஃபை அங்கேதான் நன்றாகப் பிடிக்கிறது என்று சமையலறை மேடையில் வைத்திருந்தார். ஒற்றைப் பட்டனை அழுத்தவும் அவருக்குச் சோம்பல். ஆகவே, தான் எப்போது மீட்டிங் திறந்தாலும் அந்தப் பெட்டி தானாகவே போய்ச் சேர்ந்துகொள்ளும்படி அமைத்துவைத்தார். பிறகு அமைத்ததை மறந்துவிட்டார். மாவு படாமல் இருக்க லோகேஸ்வரி அதன்மேல் ஒரு லேஸ் துணியைப் போர்த்தினாள். கமலநாதன் மறந்ததுபோல நாமும் இப்போதைக்கு இதை மறந்துவிடுவோம்.

ராதாகிருஷ்ணன் மறக்காத விஷயம் வேறு. "கமல், இந்த சீசன்ல நீ ஒரு பெட்டிகூட விக்கல. போர்ட் கிள்ளான் தம்புசாமிய மடக்கு. அவர் வாங்கிட்டா நீ சேல்ஸ் மேனேஜர். வாங்கலன்னா ஸ்டோருக்குப் போயிரு. ஆளுங்க பின்னாடி பெட்டி தூக்கிட்டுப் போற வேலை காலியா இருக்கு."

பெட்டி தூக்குவதா? டை கட்டிக்கொண்டு கொமுட்டர் ரயிலில் வருகிற கமலநாதனா? அவர் டையை ஒருமுறை இறுக்கிக்கொண்டார்.

தம்புசாமி லேசுப்பட்ட ஆள் இல்லை. போர்ட் கிள்ளானில் சரக்குப் பெட்டகம் இழுக்கும் கொந்தேனா லோரிகள், காப்பாரில் லோரி நிறுத்துகிற இடம், ஜெஞ்சாரோமில் செம்பனைக் குலை ஏற்றும் கிளை. மூன்று இடத்து ஆட்களையும் ஒன்றாகப் பேசவைக்க ஏற்கெனவே எதையெதையோ வாங்கிச் சூடுபட்டவர். முதல் டெமோவைத் தன் கைப்பேசியிலிருந்தே பார்த்தார்.

"தம்பி, என் ஆளுங்க மீட்டிங்குக்குள்ள வந்து சேர்றதுக்குள்ள துறைமுகத்துல கப்பலே கிளம்பிருது. பாஸ்வர்ட் சுசாலா, பெரிய தொல்லை. ஒருத்தன் மறந்துருவான், இன்னொருத்தன் எல்லாருக்கும் கேக்குற மாதிரி கத்திச் சொல்லுவான்."

"அந்த சுசாவே இதுல இல்ல பாஸ்." கமலநாதன் விளக்கினார். இருமினார். வசனத்தை விட்டார். தம்புசாமி சிரிக்கவில்லை.

"அது என்னா தம்பி, சர்ர்ருன்னு ஒரு சத்தம்? எண்ணெய் காயுற மாதிரி?"

கமலநாதன் திரையைப் பார்த்தார். ஓர் ஓரத்தில் 'ரூம் 2' என்ற பெயரோடு ஒரு கறுப்புக் கட்டம் இருந்தது. "அது எங்க ஆபிஸ் ரெண்டாவது ரூம் பாஸ். ஏர்கான் பழசு."

அந்த நேரம் பார்த்து ராதாகிருஷ்ணன் கதவைத் தட்டி அவரை வெளியே அழைத்தார். திரும்பி வந்து பார்த்தால், தம்புசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னா பாஸ்?"

"ஒண்ணும் இல்ல தம்பி. உன் வீட்டுக்காரிகூட அழுத்துவாங்கன்னு சொன்னீல்ல? கூட்டிட்டு வா. என் ஆபிசுல, என் ஆளுங்க முன்னாடி அவங்களே நடத்திக் காட்டட்டும். நீ வாயத் திறக்கக் கூடாது. அவங்க செஞ்சிட்டா மூணு இடத்துக்கும் உன் பெட்டிதான்."

அன்று கொமுட்டரில் கமலநாதன் கிள்ளானில் இறங்க மறந்து, அடுத்த நிறுத்தம்வரை போய்த் திரும்பி வந்தார். வசனத்தை மனைவியிடம் எப்படிச் சொல்வது? உன்னைப் பற்றி ஊரெல்லாம் சிரிக்க வைத்திருக்கிறேன், நீயும் வந்து கொஞ்சம் சிரிக்க வை என்றா? வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒரு பொய் பளிச்சென்று உதித்தது.

"லோகேஸ், தம்புசாமி பாஸுக்குக் கொஞ்சம் சாமி நம்பிக்கை ஜாஸ்தி. புதுச் சாமானை மொதல்ல ஒரு சுமங்கலி தொட்டா ராசின்னு நினைக்கிறாரு. குத்துவிளக்கு ஏத்துற மாதிரி. நீ வந்து ஒரு பட்டனை அழுத்தணும்."

லோகேஸ்வரி முறுக்கு அச்சைக் கீழே வைத்தாள். புருஷனை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள்.

"ராசியா?"

"ராசி."

"வேற ஒண்ணும் இல்ல?"

"வேற என்னா இருக்கப் போவுது?"

"சரிங்க. சொல்லிக் குடுங்க, கத்துக்குறேன்."

இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று கமலநாதனுக்குத் தன் மூளைமீது தனி மரியாதை வந்தது. பெட்டிமேல் இருந்த லேஸ் துணியை விலக்கி அன்றே பாடத்தைத் தொடங்கினார்.

"இந்தப் பட்டனை அழுத்து."

"எந்தப் பட்டன்?"

"இருக்குறதே ஒண்ணுதான் லோகேஸ்!"

"அதாங்க பயமா இருக்கு. ரெண்டு இருந்தா, ஒண்ணு தப்பாப் போனாலும் இன்னொண்ணு இருக்குன்னு தைரியமா அழுத்தலாம். ஒண்ணே ஒண்ணு வச்சிருக்கீங்க. தப்பா அழுத்திட்டா?"

"ஒண்ணே ஒண்ண எப்படிம்மா தப்பா அழுத்துவ?"

"என்னைப் பத்தித்தான் உங்களுக்கு நல்லாத் தெரியுமே."

அழுத்தினாள். பெட்டியின் மூடியை. மறுபடி அழுத்தினாள். மேடையை. மூன்றாவது முறை சுவரில் இருந்த விளக்கின் சுவிட்சை அழுத்த, சமையலறை இருண்டது. இருட்டில் கமலநாதன் தலையில் கைவைத்து நின்றார்.

"கவனம் நிக்க மாட்டேங்குதுங்க," என்றாள் லோகேஸ்வரி வருத்தத்தோடு. "தீவாளி ஆர்டர் அவ்ளோ கெடக்கு. பாதி மண்டை அடுப்புலயே இருக்கு. அடுப்ப யாராச்சும் பாத்துக்கிட்டா, மீதி மண்டையும் இங்க வந்துரும்."

யாராச்சும் என்றால் அந்த வீட்டில் வேறு யார்? மறுநாள் வேலை முடிந்து வந்த கமலநாதன் டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு முறுக்குப் பிழிந்தார். அவர் பிழிந்த முறுக்குகள் ஒன்றும் வட்டமாக வரவில்லை. லோகேஸ்வரி பக்கத்தில் நாற்காலி போட்டு, பெட்டியை மடியில் வைத்து, பட்டனை உற்றுப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"என்னா செய்யுற?"

"பழகுறேன்."

"அழுத்து!"

"மொதல்ல பயம் தெளியட்டுங்க. எண்ணெய் புகையுது பாருங்க."

அடுத்து, பாத்திரம் கிடக்கும்போது பாடம் ஏறவில்லை என்றாள். கமலநாதன் பாத்திரம் கழுவினார். துணி காயாமல் இருந்தால் மனம் அலைகிறது என்றாள். துணி காயப் போட்டார். பலகாரம் கொண்டுபோய்க் கொடுக்க காப்பார்வரை மோட்டார் சைக்கிள் ஓட்டினார். திரும்பி வந்தபோது, அண்ணன் நினைப்பு வந்து நெஞ்சை அடைக்கிறது என்றாள். ஜெஞ்சாரோமில் இருக்கும் அவள் அண்ணன் நாகையா, "என்னா மச்சான், பிஸ்கட் டின் விக்கிறியாமே?" என்று போன தீபாவளியில் கேட்டதிலிருந்து கமலநாதன் அவரோடு பேசுவதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பேசினார். நாகையா வீட்டில் உட்கார்ந்து பொரித்த மீன் தின்று, "ஆமா மச்சான், பிஸ்கட் டின்தான்" என்று ஒப்புக்கொண்டு வந்தார்.

கொடியில் சேலை காயப் போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு வாலண்டைன் வேலிக்கு மேலே தலையை நீட்டினார்.

"என்னா கமல், வீட்டு வேலையா?"

"ஆபிஸ் வேலைலா."

"சேலையா?"

"லோகேஸுக்கு டிரெய்னிங் குடுக்குறேன்."

"அவங்க எங்க?"

"உள்ள படுத்து யோசிக்குது."

வாலண்டைன் சேலையைப் பார்த்துவிட்டுத் தன் மனைவியின் பேச்சை எடுத்தார். "கேத்தரின் என்கிட்டயும் அந்தப் பெட்டி ஒண்ணு கேக்குது."

"அப்படியா! எதுக்கு?"

"சொல்ல மாட்டேங்குது. லோகேஸோட போன்ல பேசிட்டு வந்து சிரிச்சிக்கிட்டே கேக்குது. எனக்கு என்னமோ பயமா இருக்குலா."

கமலநாதனுக்குப் பயமில்லை, பெருமைதான். பெண்கள் மத்தியில் பெட்டியின் புகழ் பரவுகிறது என்று நினைத்தார்.

டெமோ நாளுக்கு முதல் நாள்வரை லோகேஸ்வரி அந்தப் பட்டனை ஒருமுறைகூடச் சரியாக அழுத்தவில்லை. கமலநாதனுக்கு ஸ்டோரில் பெட்டி தூக்கும் தன் உருவம் கண்முன் வந்து வந்து போனது. கடைசியில் வெட்கத்தை விட்டுக் கேட்டுவிட்டார்.

"லோகேஸ், நாளைக்கு நீ அழுத்தலன்னா என் கதை முடிஞ்சிரும். மேனேஜர் வேலை கைநழுவிப் போயிரும். கையெடுத்துக் கும்பிடுறேன்."

அவள் முகம் ஒரு நொடி இளகியது. "அழுதுறாதீங்க. சாமி விட்ட வழி. காலையில பசியாறிட்டுக் கிளம்புவோம்."

போர்ட் கிள்ளான் ஆபிசில் தம்புசாமி, கணக்குப் பிள்ளைகள், இரண்டு லோரி டிரைவர்கள் எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். காப்பாருக்கும் ஜெஞ்சாரோமுக்கும் முன்கூட்டியே ஒவ்வொரு பெட்டி அனுப்பியிருந்தார்கள். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ராதாகிருஷ்ணனும் சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. கமலநாதன் மூலையில் நின்று, தெரிந்த தெய்வங்களையெல்லாம் வேண்டினார். வேலிக்கு அந்தப் பக்கம் வாலண்டைன் வீட்டு மாதாவையும் விடவில்லை.

லோகேஸ்வரி பட்டுச் சேலையில் வந்து நின்றாள். பெட்டியை மேசை நடுவில் வைத்தாள். பட்டனைப் பார்க்காமலேயே அழுத்தினாள்.

பச்சை விளக்கு எரிந்தது.

"காப்பார், வந்துட்டீங்களா அண்ணே? ஜெஞ்சாரோம்? நல்லது. காப்பார்ல யாரோ பாட்டு வச்சிருக்கீங்க. நல்ல பாட்டுதான், மீட்டிங் முடியட்டும்." பாட்டு நின்றது. "ரோட்டுல இருக்குற டிரைவர் அண்ணன் யாராச்சும் போன்ல வராங்களா? லோரிய ஓரமா நிறுத்திட்டுப் பேசுங்க. சரி, காப்பார் அண்ணே, ரெண்டு வாரமா கொந்தேனா லேட்டாமே, பாஸ் சொன்னாரு. ஏன்? ஜெஞ்சாரோம் கேட்டுக்கிட்டு இருக்காங்க, நேரா அவங்ககிட்டயே சொல்லுங்க."

காப்பார் சொன்னது. ஜெஞ்சாரோம் மறுத்தது. ஒருவர் பேசி முடித்த பிறகே மற்றவரைப் பேசவிட்டாள். இரண்டு வாரமாக இழுத்துக்கொண்டிருந்த தகராறு தேத்தாரே தேநீர் ஆறுவதற்குள் தீர்ந்தது. பிறகு பெட்டியின் அருமை பெருமைகளைச் சொல்லத் தொடங்கினாள். லிங்க் கிடையாது, பாஸ்வர்ட் கிடையாது, காத்திருக்கவும் கிடையாது. கமலநாதனின் சொற்கள், அதே வரிசையில். அவர் மூச்சு வாங்கும் இடத்தில் மூச்சு வாங்கினாள். அவர் இருமும் இடத்தில் லேசாக ஓர் இருமல் இருமினாள்.

அந்த இருமலில்தான் கமலநாதனுக்கு முதல் சந்தேகம் தட்டியது.

தம்புசாமி மேசையைத் தட்டினார். "அதே குரல்தான்லா! அன்னைக்கு நீ வெளிய போனப்ப கறுப்புக் கட்டத்துக்குள்ளேர்ந்து பேசுன குரல்."

"யாரு பாஸ் பேசுனது?"

"உன் ரெண்டாவது ரூம் ஏர்கான்தான்! 'பாஸ், அந்த வீட்டுக்காரி நான்தான். அடுப்படியிலேர்ந்து பேசுறேன். அவர் சொல்றத அப்படியே நம்பாதீங்க, என்னைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க'ன்னு சொன்னாங்க. நான் ஆடிப்போயிட்டேன்."

கமலநாதன் மெல்ல மனைவி பக்கம் திரும்பினார். சமையலறை மேடையும் லேஸ் துணியும், தான் அமைத்து மறந்த அமைப்பும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

"எல்லா டெமோவும் கேட்டியா?"

"நீங்க ஆபிசுல வாயத் திறந்தா, பெட்டி அடுப்படியில வாயத் திறக்குது. நான் எங்க போறது?" லோகேஸ்வரியின் குரல் இறங்கியது. "மொதல்ல கேட்டப்ப எனக்கும் சிரிப்பு வந்துச்சுங்க. அப்புறம் ரிமோட்டு, கதவத் தட்டுறதுன்னு ஒவ்வொண்ணாச் சேத்தீங்களே, அப்பதான் வலிச்சுது. பழகாதவளா இருந்தா எப்படி இருப்பேன்னு உங்களுக்குக் காட்டணும்னு தோணுச்சு. அதுலயும் ராசின்னு ஒரு பொய். குத்துவிளக்காம்!"

கமலநாதனுக்கு வெட்கம் காதுவரை ஏறியது. ஆனால் நெஞ்சுக்குள் ஓரிடத்தில், என்னமாய் நடத்தினாள் என்று ஒரு பெருமையும் எட்டிப் பார்த்தது. "தப்புதான் லோகேஸ்," என்றார், மேசையில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி. மீட்டிங் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால் காப்பாருக்கும் ஜெஞ்சாரோமுக்கும்கூடக் கேட்டது.

"விடுங்க அண்ணே, வீட்டுக்கு வீடு அப்படித்தான்," என்று காப்பார் ஆறுதல் சொன்னது.

தம்புசாமி சொன்ன சொல் தவறவில்லை. மூன்று இடத்துக்கும் பெட்டி எடுத்துக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை, தன் ஆட்களுக்குப் பழக்கிக் கொடுக்க லோகேஸ்வரிதான் வர வேண்டும். பெட்டிக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ராதாகிருஷ்ணன் தொண்டையைச் செருமினார்.

"கமல், நான் வாக்கு மாறல. தம்புசாமிய மடக்குனவங்கதான் சேல்ஸ் மேனேஜர்."

கமலநாதன் டையைச் சரிசெய்தார்.

"தங்கச்சி, திங்கட்கிழமையிலேர்ந்து வந்துருங்க," என்றார் ராதாகிருஷ்ணன்.

தீபாவளி முடிந்த கையோடு பிரிக்ஃபீல்ட்ஸிலேயே ஒரு பெரிய கம்பெனியில் டெமோ. லோகேஸ்வரி முன்னால் நடந்தாள். பின்னால் ஒரு கையில் மீட்டிங் பெட்டியும் மறு கையில் முறுக்கு டின்னுமாக ஒருவர் மூச்சிரைக்கப் படியேறினார். டை கட்டியிருக்கவில்லை. தூக்குகிற வேலைக்கு அது இடைஞ்சல்.

அந்தக் கம்பெனி முதலாளி சந்தேகத்தோடு பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். "பாக்க நல்லாத்தான் இருக்கு அக்கா. ஆனா எங்க ஆளுங்களுக்கு சுசாவா இருக்காதா?"

லோகேஸ்வரி, மேசைக்கு அடியில் தவழ்ந்து வயர் மாட்டிக்கொண்டிருந்தவரை ஒரு பார்வை பார்த்தாள். லேசாக ஓர் இருமல் இருமினாள். குரலைத் தாழ்த்தினாள்.

"பாஸ், ஒண்ணே ஒண்ணு சொல்றேன். இது எவ்ளோ செனாங் தெரியுமா? என் வீட்டுக்காரர்கூட அழுத்துவாரு."